முறை

குடமுருட்டிப் பாலத்துக்குக் கிழக்கே ஆட்டோ ஸ்டாண்டு.
முதலில் நிற்கும் வண்டிதான் முதலில் போகும்.
குடித்தவன் வந்தாலும் மீன்கூடை வந்தாலும்
பழைய பாக்கிக்காரனே வந்தாலும்
முறை வந்தவன் ஏற்றிக்கொள்ள வேண்டும்.
சங்கத்துப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள்,
எழுத்துப்பிழையோடு.

லண்டன் வக்கீல்களுக்கும் அப்படியொரு விதியாம்,
வாடகை வண்டி வரிசையின் பெயரிலேயே:
வருகிற வழக்கை ஆள் பார்த்துத் தள்ளாதே.
திருச்சி சட்டக் கல்லூரியில், மின்விசிறி ஓடாத அறையில்
இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்தேன்.

அந்த இரண்டு மதிப்பெண்
ஒரு மாசிமாதச் செவ்வாயில்
ஜம்புலிங்கமாக மாடியேறி வந்தது.

வாய்க்கால் கரையை வெட்டி
மணல் லாரிக்குப் பாதை போட்டவர்.
அவருக்கு யாரும் ஆஜராவதில்லை என்று
பார் அசோசியேஷனில் தீர்மானம்.
பதினோரு கையெழுத்து.
பன்னிரண்டாவது இடம் எனக்காகக் காலியாக இருந்தது.

வாதிகள் நாற்பத்தாறு பேர்.
ஒன்பதாம் வாதி தெட்சிணாமூர்த்தி
எனக்கு மாமன் முறை.
கடைமடையில் நாலு மா நிலம்.

வக்காலத்தில் கையெழுத்து வாங்கினேன்.
அன்றிரவு வீட்டில் சோறு போட்டார்கள்,
குழம்பு ஊற்றவில்லை.

முன்சீப் ஜெசிந்தா நாகர்கோவில்காரர்.
வந்து எட்டு மாதத்தில் ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை.
தீபாவளிக்கு வந்த பலகாரப் பெட்டியை
வாசலிலேயே எறும்பு தின்று முடித்தது.
வீட்டு வாடகைக்கு ரசீது கேட்டு வாங்குவாராம்.
ஊர் அதைத் திமிர் என்றது.
நானும் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றரை நாள் வாதம்.
பழைய வரைபடம், புல எண்,
கரை யாருக்குச் சொந்தம் என்பதில் ஒரு சந்தேகம்,
இருந்ததையெல்லாம் எடுத்து வைத்தேன்.
பங்குனி வெயிலில் கறுப்புக் கோட்டு
(எந்த ஊர்க் குளிருக்குத் தைத்ததோ)
முதுகில் உப்புக்கோடு போட்டது.

இரண்டாம் நாள் மதியம்
உத்தரவுக்கு முன்னால் முன்சீப் ஒரு தாளை எடுத்து வாசித்தார்:
இன்று ஒன்று நாற்பதுக்கு என் அறைத் தொலைபேசியில்
ஒருவர் இந்த வழக்கைப் பற்றிப் பேசினார்.
மேலிடம் என்றார். மாற்றல் என்றார்.
பெயர் கேட்டதும் வைத்துவிட்டார்.
இது கட்டில் சேர்க்கப்படுகிறது.

எந்தப் பக்கத்துக்காக என்று வாசிக்கவில்லை.

ஜம்புலிங்கத்தைப் பார்த்தேன்.
நிஜமாகவே திகைத்துப் போயிருந்தார்.
பிறகுதான் திரும்பினேன்.
பின்வரிசையில் மாமன்
குனிந்து தன் கால்விரல்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

தலைமதகில் லஸ்கரிடம் சாவி இருக்கும்.
மேல்மடைக்காரனும் பாட்டில் கொண்டுபோவான்,
கடைமடைக்காரனும் கொண்டுபோவான்.
காய்கிற பயிரைப் பார்த்தவன்
தன் பாட்டிலை லஞ்சம் என்று சொல்லமாட்டான்.

தடை உத்தரவு வாதிகளுக்கே.
நாலு பக்கம்.
தொலைபேசி பற்றி அதில் ஒரு வரி இல்லை.
என் சந்தேகத்துக்கு ஒரு முழுப் பத்தி,
அது ஏன் நிற்காது என்று.
தோற்றவளுக்கு அது போதுமாக இருந்தது.
ஜெயித்தவர்கள் சத்தமில்லாமல் படியிறங்கினார்கள்.

அரசனுக்கு விருப்பம் உள்ளவரை என்றிருந்த நீதிபதி வேலையை
நன்னடத்தை உள்ளவரை என்று
இங்கிலாந்தில் திருத்தி முந்நூறு வருடம் ஆகிறது.
இங்கே ஜூனில் ஒரு பட்டியல் வந்தது.
பொது மாறுதல், முப்பத்தொரு பெயர்.
எது எதனால் என்று யார் கண்டார்.

மேட்டூர் திறந்த மறுநாள்
முன்சீப் இரண்டு பெட்டியோடு ஸ்டாண்டுக்கு வந்தார்.
முறை வண்டி, மாமன் மகன் வீரையனுடையது.
பெட்டியைத் தூக்கி வைத்தான்.
ரயிலடியில் காசு வேண்டாம் என்றிருக்கிறான்.
அறுபது ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு
ரசீது கேட்டாராம்.

காலண்டர் தாளைக் கிழித்து
பின்பக்கம் எழுதிக் கொடுத்தானாம்,
தேதி போட்டு,
எழுத்துப்பிழையோடு.